மருந்தைச் சேர்த்து வைப்பது அவநம்பிக்கையா?



"நாளைய காரியத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், மருந்தை இப்போதே ஏன் வாங்கிவைக்க வேண்டும்?" என்று நீரிழிவு வியாதியஸ்தர் சிலர் கேட்பதுண்டு. இது விசுவாசம்போல் தோன்றும். ஆனால் தேவ பராமரிப்பை நம்புகிறவருக்கு விவேகமும் கடமையே.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து, போக்குவரத்து நின்றது. 20 கொண்டை ஊசி வளைவுகளுள்ள அப்பாதை அடைபட்டால், செர்வராயன் மலை எஸ்டேட் குடியிருப்புகளுக்குச் சேலம் எட்டாத தூரமாகிவிடும். அப்போது மருந்தின்றித் தவிப்பவர் ஒருவரானாலும், அவரைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்குவோர் எத்தனை பேர்! அவர்கள் உயிருக்கும் ஆபத்தல்லவா? ஆகவே முன்னேற்பாடு பிறர்சிநேகக் கடமையாகும்.

ஐப்பசி பிறக்குமுன்பே இரண்டு வார மருந்தைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். அதற்கு மேல் கடையைக் காலிசெய்வது பேராசை. அடுத்தவருக்கும் மருந்து வேண்டும். மின்சாரம் நின்றால் இன்சுலினை அடுப்பு வெப்பம் படாத இடத்தில் வையுங்கள்; நம் மலைக் குளிரில் சில நாட்களுக்கு அதுவே போதும். உறைந்த இன்சுலின் உதவாது. உணவு குறைந்தாலும் ஊசியைத் தானாக நிறுத்தலாகாது. அந்நாளைய அளவை மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். நடுக்கமும் வியர்வையும் கண்டால், நினைவோடிருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.

வியாதியை வெட்கத்தால் மறைக்காதீர்கள். மறைத்தால், உதவ மனமுள்ள அயலாரும் உதவ வழியறியார். இன்றே பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள்.