காணாத மீன்

நெவாடா பாலைவனத்தில், டெவில்ஸ் ஹோல் என்ற பாறைப் பிளவுக்கு மேலே கம்பி வேலியிட்ட மேடை ஒன்று இருக்கிறது. அங்கே நின்றபோது பக்கத்தில் ஒரு தகப்பன் தன் சின்ன மகளைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவள் வேலிக்குள் விரலை நுழைத்துக் கீழே காட்டி, "அதோ, மீன்!" என்றாள்.

அவ்வளவு உயரத்திலிருந்து மீன் தெரியாது. கீழே கொஞ்சம் தண்ணீர் மின்னும், அவ்வளவுதான். அதில் வாழும் பப்ஃபிஷ் ஓர் அங்குலம் இருந்தாலே அதிகம். இயற்கையில் இந்த இனத்துக்கு இந்த ஒரு குழியை விட்டால் வேறு வீடில்லை. 2013-ல் எண்ணியபோது 35 மீன்களே இருந்தன.

சுற்றிலும் ஆஷ் மெடோஸ் சரணாலயம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை நிலத்தடியில் நகர்ந்து வந்து இங்கே ஊற்றாகப் பொங்குகிறது. அந்த ஊற்றுகளில் இன்னொரு வகை பப்ஃபிஷ் நீலமாகத் துள்ளுவதைக் கண்ணாரப் பார்த்தேன். அழகுதான். ஆனாலும் மனத்தில் தங்கிவிட்டது அந்த விரல். அது பொய் சொல்லவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் அப்பத்தா சாப்பிட்டு எழுந்ததும் ஒரு பிடி சோற்றைக் கிணற்றில் போடுவார். எட்டிப் பார்த்தால் ஒரே இருட்டு. "மீனு எங்க அப்பத்தா?" என்றால், "போட்ட சோறு காணாமப் போகுதுல்ல, அப்ப இருக்கு" என்பார். அவருக்கு அது போதும். ஆனால் கிணற்று மீன் கொசுப்புழுவைத் தின்று நம் தண்ணீரைக் காத்தது. அங்கே கொடுக்கல் வாங்கல் இருந்தது. டெவில்ஸ் ஹோல் மீன் யாருக்கு என்ன தந்தது?

எப்போதோ படித்த ஒரு கட்டுரை நினைவுக்கு வருகிறது. 1969-ல் கலிஃபோர்னியாவில் ஒரு குட்டை வற்றியபோது, ஃபில் பிஸ்டர் என்ற மீனியலாளர் ஓவன்ஸ் பப்ஃபிஷ் இனத்தில் எஞ்சியவற்றை இரண்டு வாளிகளில் சுமந்து நடந்தார். பிற விவரங்கள் மங்கிவிட்டன. கால் இடறினால் ஓர் இனமே போய்விடும் என்று அவர் பயந்தது மட்டும் மறக்கவில்லை. அந்த மீனால் என்ன பயன் என்று அந்த நேரத்தில் அவர் கணக்குப் பார்த்திருப்பாரா?

டெவில்ஸ் ஹோலின் கணக்கு நீதிமன்றம் வரை போனது. அருகிலிருந்த பண்ணை ஒன்று 1968-ல் ஆழ்குழாய்களில் நீர் இறைக்கத் தொடங்கியதும் குழியின் நீர்மட்டம் இறங்கியது. மீன்கள் முட்டையிடும் பாறைத் திட்டு வெளியே தெரிந்தது. 1976-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இறைப்பதற்கு வரம்பு விதித்தது சரியே என்றது. அதனால் நிலத்தடி நீரும் தப்பியது, ஆகவே மீனும் பயனுள்ளதே என்று வாதிடலாம். அந்த வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. பயன் இல்லாவிட்டாலும் அது இருக்க வேண்டும் என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

ஆனால் அந்தப் பண்ணை 12,000 ஏக்கர். 80 பேருக்கு மேல் அங்கே வேலை பார்த்தார்கள். "மீனைக் காப்பாற்று" என்றும் "மீனைக் கொல்" என்றும் அந்தப் பக்கத்துக் கார்களில் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்த காலம் அது. அந்த 80 பேரில் ஒருவருடைய சம்பளத்தில் என் வீட்டு உலை கொதித்திருந்தால், ஒருமுறைகூடப் பார்த்திராத மீனின் பக்கம் நின்றிருப்பேனா? நின்றிருப்பேன் என்று சொல்ல ஆசை. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.