பத்தரைக்கு முந்தைய ஒரு மணி நேரம்

இரவு பத்தரை மணிக்கு மேல் சிங்கப்பூரின் மார்சிலிங் வட்டாரக் கடைகளில் பீர் வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. காலை ஏழு வரை பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. லிட்டில் இந்தியாவில் 2013 டிசம்பர் 8 இரவு நடந்த கலவரத்தைப் பின்னணியாகக் கொண்டு, 2015 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் முழுவதும் நடப்புக்கு வந்த சட்டம் இது. குடியை விட நினைப்பவருக்கு இதனால் உதவியும் உண்டு, உபத்திரவமும் உண்டு. பத்தரைக்கு முன்னால் ஒன்பதரை வருகிறதே! வீட்டில் இருப்பது போதுமா என்று கணக்குப் போட்டு, வேண்டாம் என்று உட்கார்ந்து, மறுபடி மணி பார்த்து, கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு மின்தூக்கிக்கு நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் சட்டத்துக்கு வேலையில்லை. துணை வேண்டியிருப்பது அப்போதுதான்.

எந்தத் துணை? தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கலாம், வலிப்பே வரலாம். ஆகவே முதலில் மருத்துவர். மனநலக் கழகத்தில் போதைப்பழக்கங்களுக்கென்றே தேசியச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. உடம்பு தெளிந்த பிறகு வரும் நீண்ட நாட்களுக்குத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற குழுக்கள். அங்கே கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. குடிப்பவர்கள் மட்டும் கூடும் கூட்டங்கள் உண்டு. வீட்டாரும் போய் உட்காரக்கூடிய கூட்டங்களும் உண்டு. குடும்பத்தினருக்கென 1951 முதல் அல்-அனான் தனியே இயங்குகிறது.

இவ்வளவு இருந்தும் பொருத்தமான கூட்டத்தைத் தேடுவது ஒரு பெரிய அலைச்சல். சிங்கப்பூரில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். சில கூட்டங்கள் தேவாலய வளாகத்தில் நடக்கும். எந்த மதத்தோடும் இயக்கத்துக்குத் தொடர்பில்லை என்றாலும், அந்த வாசலில் தயங்கி நிற்கும் இந்துவையும் முஸ்லிமையும் நான் குறை சொல்ல மாட்டேன். வேலை அனுமதியில் வந்து விடுதியில் தங்கியிருப்பவருக்கு முதலாளி காதுக்குப் போய்விடுமோ என்ற பயம். பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பயம். ஆண் குடித்தால் குடும்பம் மூடி மறைக்கும். பெண் குடித்தால் குடும்பமே முதலில் கல்லெறியும்.

பக்கத்தில் கூட்டம் இருந்தால் புளோக்கில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயம். தொலைவில் இருந்தால் அதையே சாக்காக வைத்துப் போகாமல் இருந்துவிடலாம். மார்சிலிங்கில் ரயிலேறி நியூட்டனில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்குவதற்குள் மனம் எத்தனை முறை திரும்பியிருக்கும்! தேக்கா என்று நாம் சொல்லும் அந்த இடத்திலோ தெரிந்த முகங்கள் இன்னும் அதிகம்.

2020இல் கிருமித்தொற்று கதவுகளை அடைத்தபோது கூட்டங்கள் ஜூமுக்கு மாறின. இன்றும் பல அங்கேயே நடக்கின்றன. இப்போது தமிழில் பேச சென்னைக் கூட்டமொன்றில் இங்கிருந்தே சேரலாம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் குடிநோய்ச் சிகிச்சைக்காக டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கிய ஊர் அது. இந்தத் துயரத்தைத் தமிழில் பேசிப் பழகிய ஊர். சென்னையில் மாலை ஏழு என்றால் மார்சிலிங்கில் ஒன்பதரை. ஒரு மணி நேரம் பேசி முடித்தால் பத்தரை. கடையில் பீர் விற்பனை நின்றிருக்கும்.

இருந்தாலும் மொழியும் தூரமும் நேரமும் பொருந்திவிட்டால் கூட்டம் பொருந்திவிடுமா? குடியைப் பற்றி நாம் மேடையிலிருந்தே பேசிப் பழகியவர்கள். 1935 ஜூலையில் தமிழ் முரசு பத்திரிகை பிறந்த காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் கள்ளை விடு என்று முழங்கினார்கள். அது தேவையாகவும் இருந்தது. ஆனால் மேடைக்குக் கீழே நிற்பவன் கேட்டுக்கொள்ளத்தான் முடியும். அவன் பேசுவதற்கு அங்கே இடமில்லை.

அதே ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு விடுதிக் கூடத்தில், பின்னாளில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பில் வில்சன் நின்றிருந்தார். வந்த வியாபாரம் கெட்டுப்போயிருந்தது, குடியை விட்டு ஐந்து மாதம், பக்கத்திலேயே மதுக்கூடம். தன்னைக் காப்பாற்ற ஒரு போதகரையோ மருத்துவரையோ அவர் தேடவில்லை. தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்து, தான் பேசிப் பார்க்க இந்த ஊரில் குடியை விட முடியாதவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்தார். தான் தப்பிக்க இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. நமக்கு எந்தக் கூட்டம் ஒத்துவரும் என்று தேடுபவர் இந்தப் பக்கத்திலிருந்தும் யோசித்துப் பார்க்கலாம். தான் வருவதால் இன்னொருவர் அன்றிரவு குடிக்காமல் இருக்கக்கூடும் என்றால், மூலை நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் அது அவருடைய கூட்டம்தான். தெரிந்த முகம் எதிரே உட்கார்ந்திருந்தால், அந்த முகமும் அதற்காகத்தான் வந்திருக்கிறது.

வில்சனுக்குக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்தவர் ஐந்தாறு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். சில வாரங்களில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய், மறுபடி குடித்துவிட்டுத் திரும்பினார். வில்சன் அவரை விட்டுப் போகவில்லை. ஸ்மித் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் ஜூன் 10ஐத்தான் இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அந்த மாதம் முடிவதற்குள் இருவரும் ஆக்ரன் நகர மருத்துவமனைக்குப் போய், அங்கே கட்டிலில் கிடந்த மூன்றாவது ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.