விரைவும் இரக்கமும்

மனிதன் தன் செயல்களுக்குத் தானே அரசன் என்று எண்ணுகிறான். நெஞ்சில் கொண்ட கொள்கையின் வழியே கையும் காலும் இயங்கும் என்பது நம் பொதுவான நம்பிக்கை. ஆயினும் நாம் அறியாமலே நம்மை நடத்தும் உள்ளத்தின் இயல்பு விதிகள் சில உண்டு. அவற்றுள் இரண்டினை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டின் பிரின்ஸ்டன் நகரில், கிறிஸ்தவ சமயப் போதகர்களைப் பயிற்றும் இறையியல் கல்லூரி ஒன்று உளது. அதன் மாணவர்களைக் கொண்டு ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் உளவியலார் இருவர் நிகழ்த்திய சோதனையின் முடிவு 1973ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாணவர் ஒவ்வொருவரும் வேறொரு கட்டடத்திற்குச் சென்று சிறு சொற்பொழிவு ஆற்ற வேண்டும். பாதிப் பேருக்குத் தரப்பட்ட பொருள் 'நல்ல சமாரியன்' கதை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சமயப் பெரியோர் கடந்து போய்விட, அயலான் ஒருவன் நின்று காத்த கதை அது. ஏனையோர்க்கு வேலைவாய்ப்புப் பற்றிய பொருள். புறப்படும்போது சிலரிடம் நேரம் கடந்துவிட்டது என்றும், சிலரிடம் நேரம் சரியாக உள்ளது என்றும், சிலரிடம் இன்னும் அவகாசம் உண்டு என்றும் சொல்லி அனுப்பினர். இடைவழியில் ஒருவர் தலை கவிழ்ந்து, இருமி முனகியவாறு சாய்ந்து கிடந்தார்; சோதனைக்காக அமர்த்தப்பட்டவர் அவர்.

அவகாசம் இருந்தோரில் நூற்றுக்கு 63 பேர் உதவ முன்வந்தனர். இடைப்பட்டோரில் 45 பேர். விரைந்தோரில் 10 பேரே. சமாரியன் கதையைச் சொல்லப் போனவர்கள் மற்றவர்களினும் குறிப்பிடத்தக்க அளவு மிகுதியாக உதவினார்கள் என்று கூற இயலவில்லை. அக்கதையைச் சொல்லும் அவசரத்தில், கிடந்தவரைத் தாண்டியே சென்றவரும் உண்டாம்!

அம்மாணாக்கரை எள்ளி நகைத்தல் எளிது, நியாயமன்று. நில்லாமற் சென்றோர் பலர் மனக்கலக்கத்துடனேயே போய்ச் சேர்ந்தனர் என்று ஆய்வாளர்களே குறிப்பிடுகின்றனர். இரக்கம் அற்றுப் போகவில்லை. காத்திருப்போர்க்கு அளித்த வாக்கு ஒருபுறமும் கிடந்தவர் துயர் மறுபுறமும் இழுக்க, முன்னது வென்றது.

மற்றொரு விதி, பிறர் முகம் பார்த்தல். 1968இல் பிப் லாட்டானேயும் அதே டார்லியும் வெளியிட்ட சோதனையில், அறைக்குள் புகை நுழைந்தபோது, தனித்திருந்தவர்களில் நான்கில் மூவர் எழுந்து சென்று தெரிவித்தனர். அசையாதிருக்கும்படி முன்னரே ஏவப்பட்ட இருவர் உடனிருந்தபோதோ, பதின்மரில் ஒருவரே எழுந்தார். ஐயம் தோன்றும்போது நாம் அயலாரை நோக்குகிறோம். அவர் நம்மை நோக்குகிறார். இருவரும் ஒன்றுமில்லை போலும் என அமைகிறோம்.

நிற்க. இயல்பே நம்மை இவ்வாறு நடத்துமாயின் குற்றம் யாருடையது? எவருடையதும் அன்று என்பாரும் உளர். அதனை ஏற்பதற்கில்லை. பசியும் இயல்பே, அதனால், பசித்தவன் அருகிலுள்ள குழந்தையின் சோற்றைப் பறித்தல் முறையாகிவிடுமா? விதியை அறியாதவனுக்கு ஒரு சமாதானம் உண்டு. அறிந்தவனுக்கு அது குறைந்துகொண்டே வரும்.

கூட்டம் என்றாலே கல்நெஞ்சம் என்று கொள்ளவும் வேண்டா. ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் ஆகிய நகரங்களின் தெருக்களில் நிகழ்ந்த 219 சச்சரவுகளின் கேமராப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். பத்தில் ஒன்பதில் எவரேனும் ஒருவர் தலையிட்டிருந்தார். சூழ நின்றோர் மிகுந்தபோது அவ்வாய்ப்பும் மிகுந்தது. சச்சரவு கண்ணுக்கு வெளிப்படை, ஐயத்திற்கு இடமில்லை. அதுவே காரணம் போலும்.

திருவிழாக் கூட்டத்தில் மூதாட்டி ஒருவர் திடீரெனத் தரையில் அமர்ந்தால், அது களைப்போ மயக்கமோ என்பது வெளிப்படை அன்று. தரிசன வரிசையோ நகர்ந்துகொண்டிருக்கும்; விரைவும் உண்டு, பிறர் முகங்களும் உண்டு. அருகில் இருப்பவர் "அம்மா, என்ன செய்கிறது?" என்று கேட்டாலே ஐயம் அகன்றுவிடும். உடன் வந்தவரும் "யாராவது வாருங்கள்" என்று பொதுவில் கூவுதலினும், "பச்சைத் துண்டு அணிந்த ஐயா, தாங்கள் சற்றுத் தண்ணீர் கொண்டு வாருங்கள்" என்று ஒருவரைச் சுட்டி அழைத்தல் நன்று. அவர் வருவார். அவர் குனிவதைக் கண்டு இன்னும் இருவர் குனிவர்.