அசல்

வங்கி மேஜையில் 'அசல்' என்ற சொல்லை நான் தினமும் இரண்டு அர்த்தங்களில் கையாள்கிறேன். ஒன்று, நகலுக்கு எதிரான அசல், பத்திரத்தின் அசல். மற்றது வட்டிக்கு எதிரான அசல். திருப்பிக் கட்டித் தீர வேண்டிய கடன். இரண்டும் ஒரே சொல் என்பது பல வருஷங்கள் எனக்கு உறைக்கவில்லை. அப்பாவின் புல்லட்டை விற்பதா என்ற பேச்சு வீட்டில் எழுந்த பிறகுதான் உறைத்தது.

வண்டி 1968ஆம் வருஷத்தியது. அப்பா அதை 1979இல் வேறொருவரிடமிருந்து வாங்கினார். இப்போது கேட்டு வந்திருப்பவர் பழைய மோட்டார் சைக்கிள்களைச் சேகரிப்பவர். விஷயம் தெரிந்தவர், நல்ல விலையும் சொன்னார். வண்டியை முழுக்கப் பிரித்து, ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அந்த அசலுக்குக் கொண்டுவந்துவிடுவாராம். முதல் வேலையாக, இடது பக்கம் பற்றவைத்திருக்கும் அகலமான இரும்புத் தகட்டை வெட்டி எடுத்துவிடுவாராம்.

அந்தத் தகடு எந்த ஆலையும் செய்ததல்ல. கோட்டாற்றில் ஒரு பட்டறையில் அப்பா சொல்லிச் செய்தது. ஆச்சிக்கு இடது கால் யானைக்கால். வண்டியோடு வந்த சிறிய ஃபுட்ரெஸ்டில் அந்தக் கால் நிற்காது. ஒருக்களித்து உட்கார்ந்து, காலைத் தகட்டில் முழுசாகப் பதித்து, ஆச்சி ஆஸ்பத்திரிக்கும் சுசீந்திரம் தேருக்கும் போய் வந்தாள். எனக்கு ஏழு வயதிருக்கும்போது அவள் இறந்தாள். தகடு இருந்தது.

சேகரிப்பவர் சொல்லும் அசல் எது என்று யோசித்துப் பார்த்தேன். புல்லட் பிறந்தது இங்கிலாந்தில், ரெட்டிச் என்ற ஊரில். இந்திய ராணுவத்தின் தேவையை ஒட்டி 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ஆங்கிலக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் திருவொற்றியூரிலேயே ஆயின. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் ஆங்கிலத் தயாரிப்பே நின்றது. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்குப் புல்லட் ஏற்றுமதியாயிற்று. தாய் இறந்த பின் நகலே அசலாகித் தாய்வீட்டுக்குப் போன கதை இது. அதனால் 1968ஆம் வருஷத்து வண்டிக்கு அசல் ரெட்டிச்சா, திருவொற்றியூரா என்று கேட்டால், இரண்டுமில்லை, ஓடிக்கொண்டிருந்த சாலை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

எஞ்சினுக்குள் போனால் இது இன்னும் தெளிவாகிறது. எழுபது மில்லிமீட்டர் விட்டம், தொண்ணூறு மில்லிமீட்டர் ஓட்டம், 346 சிசி. சிலிண்டர் தேய்ந்தால் உள்ளே கடைந்து சற்றுப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். கடைந்து கடைந்து சுவர் மெலிந்ததும் உள்ளே ஒரு ஸ்லீவை இறக்கி, மறுபடியும் ஆரம்ப அளவுக்கு வருவார்கள். அப்பாவின் வண்டியில் இது நடந்திருக்கிறது. பிஸ்டன், கிளட்ச் தகடுகள், செயின், பிளாட்டினம், கேபிள்கள், டயர்கள் எதுவும் 1968இல் வந்தவை அல்ல. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றன. அரசாங்கத்துக்கு அது போதும்.

கல்லூரியில் தத்துவத்தின் பெயரால் எங்களுக்கு அறிமுகமானது தீஸியஸின் கப்பல். ப்ளூடார்க் சொன்னது: உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்த பிறகு அது அதே கப்பல்தானா? பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் ஒரு திருகு வைத்தார்: கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால், எது தீஸியஸுடையது? வகுப்பில் சுவாரஸ்யமாக இருந்தது. வகுப்பு முடிந்து நாகராஜா கோயில் வழியாகத்தான் வீட்டுக்கு நடப்பேன். அங்கே மூலஸ்தானத்தின் கூரை ஓலை. வருஷந்தோறும் பிரித்து மாற்றி வேய்கிறார்கள். அதே கோயில்தானா என்று எந்த பக்தனும் கேட்டதில்லை. வேயாமல் விட்டால்தான் கேள்வி எழும். ஏதென்ஸ்காரர்கள் கப்பலை நினைவுச் சின்னமாக நிறுத்திவைத்திருந்தார்கள். அதனால் பலகைகளை எண்ணும் அவகாசம் அவர்களுக்குக் கிடைத்தது. உபயோகத்தில் இருக்கும் பொருளிடம் இந்தக் கேள்வி இத்தனை கூர்மையாக எழுவதில்லை.

2021இல் வந்த மத்திய அரசு விதி இந்தப் பிளவைச் சட்டமாகவே எழுதிவிட்டது. ஐம்பது வருஷங்களுக்கு மேற்பட்ட, அசல் வடிவில் காக்கப்பட்ட, சேசிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டி 'விண்டேஜ்'. அதற்குத் தனிப் பதிவு உண்டு. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம், பெட்ரோல் போடவும் பராமரிக்கவும் எடுத்துப்போகலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. இதன் நியாயம் எனக்குப் புரிகிறது. பழைய எஞ்சினின் புகையை மற்றவர்கள் ஏன் சுவாசிக்க வேண்டும்? ஆனாலும் இதன் அடியில் ஒரு கருத்து இருக்கிறது. கௌரவம் வேண்டுமானால் வேலையை விடு என்பதுதான் அது. மரபைப் பற்றிப் பேசும்போது நம் பண்டிதர்கள் பலர் மொழியிடம் கேட்டதும் இதைத்தான்.

அப்படியானால் எல்லா மாற்றங்களும் சரியா? மாலை நேரங்களில் வடசேரி வழியே சைலன்சரைக் கழற்றிவிட்டு வேட்டுப்போல் வெடித்துக்கொண்டு போகிறவர்களும் வண்டியை மாற்றியவர்கள்தான். தேவைக்காகச் செய்தது நல்லது, பிறர் பார்ப்பதற்காகச் செய்தது கெட்டது என்று முதலில் எழுதிவைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். அப்பா தேரோட்டத்துக்கு முந்தின நாள் டாங்கை ஒரு மணி நேரம் துடைப்பார். அது யார் பார்க்க? பார்க்கப்பட வேண்டும் என்பதும் மனிதத் தேவைதான். வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. தகடு ஒரு கிழவிக்கு இடம் கொடுத்தது. அந்தச் சத்தம் தெருவின் இடத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. செய்தவனின் மனத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. மாற்றம் யாருக்கு இடம் விடுகிறது, யாருடையதை எடுக்கிறது என்று பார்த்தால் போதும்.

இந்த அளவுகோலை என் பக்கம் திருப்பியபோது சங்கடமாகிவிட்டது. விற்கக் கூடாது என்று தம்பியிடம் ஆவேசமாக வாதாடியவன் நான். ஆனால் வண்டி இரண்டு வருஷமாகத் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. பாங்குக்கு நான் போவது ஸ்கூட்டரில். புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டிகளில் பழகிய உடம்பு அவசரத்தில் தவறான காலை அழுத்திவிடும் என்று காரணம் வைத்திருந்தேன். உண்மைக் காரணம் சோம்பல். சேகரிப்பவர் தகட்டை வெட்டி அசலை நிறுத்திவைப்பார். நான் தகட்டோடு நிறுத்திவைத்திருக்கிறேன். அவருடைய கண்காட்சிக்கு ஆட்கள் வருவார்கள், என்னுடையதற்கு நான் ஒருவன். இதற்கு மேல் எங்களுக்குள் என்ன பேதம்?

நகைக்கடன் மேஜையில் சங்கிலிக்கு எடைதான் மதிப்பு. ஆனால் மீட்க வருகிறவள் அதே எடையில் வேறொரு சங்கிலியைக் கொடுத்தால் வாங்குவாளா? அது நியாயம். அதே சமயம், மீட்டதும் அவள் கழுத்தில் போட்டுக்கொள்கிறாள். பெட்டகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அவள் மீட்பதில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அப்பா காலத்து மெக்கானிக்கின் மகன்; அவருக்கே இப்போது அறுபதிருக்கும். "ஓட்டதுக்கா, பாக்கதுக்கா? அத முதல்ல சொல்லும் தம்பி" என்றார். ஓட்டத்தான் என்றேன். டாப்பெட்டைச் சரிபண்ணினார், பிளாட்டினத்தைத் தேய்த்து இடைவெளி வைத்தார், கார்புரேட்டரைக் கழுவினார். பிறகு இடது பக்கம் குனிந்து தகட்டை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. துரு.

"இது தாங்காது. புதுசு வெட்டிப் போடணும்."

எந்தத் தகட்டுக்காக வீட்டில் சண்டை போட்டேனோ அதையே மாற்ற வேண்டும் என்கிறார். அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். "யாரு உக்காரப் போறா?" என்று கேட்டார். அம்மா என்றேன். அம்மாவுக்கு முட்டு வலி. ஸ்கூட்டரில் காலை மடக்கி உட்கார முடியவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் பழைய தகட்டை வெட்டி எடுத்து, புது இரும்பின் மேல் வைத்துச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டார். பிறகு முன்பக்கம் இரண்டு விரல் கூட்டிப் போட்டார்.

பழைய தகட்டைக் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பட்டறை மூலையில் கிடந்த இரும்புக் குவியலில் போட்டேன்.