பேணுதல்

நம் ஊர்களில் ஒருவரை மெச்ச வேண்டுமானால், "பேணுதலான மனிதர்" என்பார்கள். தொழுகை, நோன்பு, ஹலால் ஹராம் ஆகியவற்றில் கவனமுள்ளவர் என்று அதற்குப் பொருள். ஆனால் அதே மனிதர் வாங்கிய கடனைத் தவணைக்குக் கொடுக்கமாட்டார். அவர் தையற்காரரானால், பெருநாளைக்கென்று ஒப்புக்கொண்ட சட்டை பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் வந்து சேரும். அவரையும் பேணுதலானவர் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். நல்லதொரு சொல்லைப் பாதியாக நறுக்கி வைத்திருக்கிறோம், சகோதரர்களே!

திருமறையின் 83-வது அத்தியாயம், தனக்கு வாங்கும்போது நிறைத்தும் பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்தும் அளப்பவர்களின் கேட்டைச் சொல்லியே தொடங்குகிறது. இது படியையும் தராசையும் மட்டும் பற்றிய பேச்சா? ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், அஸர் ஜமாஅத்துக்கு வராத ஒருவரை வழியில் கண்டு காரணம் கேட்டார்கள். அவர் சொன்ன சாக்கைக் கேட்டதும், அளவைக் குறைத்துவிட்டீர் என்ற பொருளில் அதே தராசுச் சொல்லால் கடிந்தார்கள். இதை முவத்தாவில் பதிவு செய்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், எந்தக் காரியத்திலும் நிறைவும் உண்டு, குறைவும் உண்டு என்ற கருத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். எனவே வேலைக்கும் நேரத்துக்கும் வாக்குக்கும் ஒரு படி இருக்கிறது.

நிறைத்து அளந்த ஒருவரைப் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கி.பி. 632-ல் மறைந்த பின், யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதானார்கள். அதனால் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பொறுப்பைக் கலீஃபா அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஜைத் வாலிபர், வஹியை எழுதியவர், நாயகத்தின் காலத்திலேயே குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் ஏற்றியவர். உட்கார்ந்து எழுதினால் முடிந்துவிடும் வேலை என்று நாம் நினைப்போம். அவரோ, ஒரு மலையை நகர்த்தச் சொல்லியிருந்தால்கூட இத்தனை பாரமாக இருந்திராது என்றார். தம் நினைவு ஒன்றையே நம்பாமல், பேரீச்ச மட்டைகளிலும் தட்டைக் கற்களிலும் மனிதர்களின் நெஞ்சங்களிலும் தேடித் தேடிச் சேர்த்தார். தவ்பா அத்தியாயத்தின் கடைசி வசனங்கள் அபூ குஸைமா அன்ஸாரி (ரலி) அவர்களிடம் கிடைக்கும்வரை அவர் தேடலை விடவில்லை.

கிடைத்ததும் எழுதிவிட்டார் என்பதையும் கவனியுங்கள். ஒளூவில் ஒரே கையைப் பத்துத் தடவை கழுவி, தக்பீரை நாலு தடவை கட்டி, இமாம் ருகூவுக்குப் போன பிறகும் நிய்யத்தோடு மல்லுக்கட்டும் சிலரைப் பார்க்கிறோம். அது பேணுதல் அல்ல, வஸ்வாஸ். பேணுதலுக்கு வேலை முடியும் இடம் தெரியும்.

இந்தக் குணம் சிலருக்கு இயல்பிலேயே கூடுதலாக அமைந்திருக்கும். ஆனால் இல்லாதவர் கைவிடப்பட்டவர் அல்லர். வயதோடும் பழக்கத்தோடும் இது வளர்வதை இக்கால மனநூலாரும் கண்டு சொல்கிறார்கள். ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதற்கு வியாபாரி ஒருவரின் வழியையே காட்டுகிறார்கள். நஃப்ஸு உம்முடைய வியாபாரக் கூட்டாளி. முதலைக் கொடுக்குமுன் காலையில் அதனோடு நிபந்தனை பேசிக்கொள்ளும். பகலில் அதன்மேல் ஒரு கண் இருக்கட்டும். இரவில் கணக்குக் கேளும். குறைந்திருந்தால் தண்டம் விதியும்.

காலை நிபந்தனையை எல்லோரும் செய்கிறோம். சொல்லப்போனால் அதில் ஓர் இன்பமே இருக்கிறது. தடுக்கி விழுவது இரவுக் கணக்கிலும் தண்டத்திலும்தான். இப்னு உமர் (ரலி) அவர்கள், ஒரு ஜமாஅத் தவறிவிட்டால் அந்த இரவு முழுவதும் விழித்து வணங்குவார்கள் என்று இமாமவர்கள் எழுதுகிறார்கள். அத்தனை பெரிய தண்டம் நமக்கு வேண்டாம். தாங்கமாட்டோம், இரண்டாம் நாளே விட்டுவிடுவோம். தவறிய காரியத்தின் அளவுக்கே தண்டமும் இருந்தால் போதும். நம் தையற்காரர் அந்தச் சட்டையைத் தாமே கொண்டுபோய் வீட்டில் கொடுத்து, கூலியில் பாதியை விட்டுவிட்டு வரட்டும். அடுத்த பெருநாளைக்கு எத்தனை சட்டை ஒப்புக்கொள்ளலாம் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.