அரை மில்லிமீட்டரை ஆளக் கற்றுக்கொள்!

நெய்வேலியில் வளர்ந்த பிள்ளை, "நம்மால் என்ன ஆகும்?" என்று கேட்கக் கூடாது. உன் காலுக்குக் கீழே கிடக்கும் மண் அந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. தண்ணீர் கிடைத்ததே போதும் என்று அவர் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இது என்ன என்று கேட்டார், அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பிறந்தது. 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் அந்தக் கறுப்புப் பொருள், அதாவது பழுப்பு நிலக்கரி, வெயிலைப் பார்த்தது. 1962-ல் மின்சாரம் ஓடியது.

இந்த நான்கு வரிக்குள் எத்தனை போராட்டம் தெரியுமா? நிலக்கரிக்குக் கீழே நிலத்தடி நீர், சுரங்கத்தின் அடித்தளத்தையே பெயர்த்து எறியும் அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. இரவு பகலாகப் பம்புகளை ஓட்டி அந்த அழுத்தத்தைத் தணித்தார்கள். மேலே கிடந்ததோ கடலூர் மணற்கல். ஜெர்மனியிலிருந்து வந்த பிரம்மாண்டமான சக்கர வாளி இயந்திரங்களின் பற்களை அது அரைத்துத் தின்றது. இயந்திரத்தை வடிவமைத்தவருக்கு அவர் ஊர் மண் தெரியும், நம் மண் தெரியாது. முதலில் வெடிவைத்துப் பாறையைத் தளர்த்தி, பிறகு வெட்டும் பற்களில் மாற்றம் செய்து, இங்கே ஷிப்ட் பார்த்தவர்கள்தான் அந்த இயந்திரத்தை இந்த மண்ணுக்குப் பழக்கினார்கள்.

தம்பி, தங்கையே, நன்றாகக் கேள். எந்த இயந்திரமும் தொழிற்சாலை வாசலோடு முடிந்துபோவதில்லை. செய்தவன் விட்டுவைத்த பாக்கி வேலை ஒன்று எப்போதும் இருக்கும். அந்தப் பாக்கியைக் கண்ணால் கண்டு, கையால் அளந்தவனுக்கு அதை முடிக்கும் உரிமை உண்டு. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்!

ஒரு கம்பியிலிருந்து தொடங்கு

பெரிய சுரங்கத்தைச் சொல்லி உன்னை மிரட்ட நான் வரவில்லை. முழங்கை நீளமுள்ள ஒரு கம்பியைக் காட்டுகிறேன்.

1960-களில் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாரானது. அதே ஹெரால்டின் சேஸிஸை இங்கிலாந்தில் குட்டையாக்கி, அதன் மேல் கட்டிய விளையாட்டுக் கார்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அவற்றைக் குழந்தையாய்ப் பேணும் ஆர்வலர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். நம் ஊர்க் கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் ஹெரால்டும் லண்டனில் மெருகேற்றி நிறுத்தியிருக்கும் ஸ்பிட்ஃபயரும் நெருங்கிய உறவுக்காரர்கள்.

இப்படிப்பட்ட பழைய கார்களின் பொதுவான நோய் கியர் லிங்க்கேஜில் விழும் ஆட்டம். கியர் லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கம்பியும் மூட்டும் புஷ்ஷும் இருக்கின்றன. ஒரு மூட்டில் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் யாருக்கும் தெரியாது. நான்கு மூட்டிலும் தேய்ந்தால் ஒரு மில்லிமீட்டர். லிவரின் நீளம் அதை ஐந்து மடங்காக்கினால், கையில் பிடிக்கும் குமிழில் ஐந்து மில்லிமீட்டர். கியர் முழுசாக விழாது. மேட்டில் ஏறும்போது துள்ளி வெளியே வரும். பல் கரகரக்கும். உடனே, "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கிப் பிரிக்கணும்" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். நல்ல கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்ட பிறகும் நோய் தீராது. ஏன்? குற்றவாளி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும் கம்பி!

புஷ்ஷை மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். ஆனால் கம்பியின் நீளம் துல்லியமாக அமைய வேண்டுமே? வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கிளாம்பைத் தளர்த்தி, ஒரு குத்துமதிப்பாக நகர்த்தி, இறுக்கி, எழுந்து வந்து கியர் போட்டுப் பார்த்து, சரியில்லை என்று மறுபடி படுக்கும் வேலை எத்தனை பட்டறையில் நடக்கிறது! இங்கேதான் உன் இடம் காலியாக இருக்கிறது. குத்துமதிப்பு இருக்கும் இடமெல்லாம் உன்னைப் போன்றவனுக்காகக் காத்திருக்கும் இடம்.

0.42 மில்லிமீட்டர்

தீர்வு எளிது. ஒரு அறுகோண இரும்புத் துண்டு. ஒரு முனையில் வலத்திருகு, மறு முனையில் இடத்திருகு. பழைய ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று இறுக்கும் திருகு இணைப்பிலும் இதே தத்துவம்தான். நடுத்துண்டைத் திருப்பினால் இரண்டு பக்கக் கம்பிகளும் ஒரே நேரத்தில் நெருங்கும், அல்லது விலகும். எதையும் கழற்ற வேண்டாம்.

கணக்குப் போடு. 8 மில்லிமீட்டர் திருகின் வழக்கமான புரி இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஒரு முழுச் சுற்றுக்கு இரு பக்கமும் சேர்ந்து 2.5 மில்லிமீட்டர் நீளம் மாறும். அறுகோணத்தின் ஒரு முகம் நகர்ந்தால் அதில் ஆறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.42 மில்லிமீட்டர். ஸ்பேனரை ஒரு முகம் திருப்பினால் எவ்வளவு மாறும் என்று உனக்குத் தெரிந்துவிட்டது! இதைத்தான் நான் தன்னம்பிக்கை என்கிறேன். கண்ணாடி முன் நின்று, "நான் வெல்வேன்" என்று நூறு முறை சொன்னாலும் வராத தைரியம், இந்த ஓர் எண்ணைக் கையில் பிடித்தவுடன் வந்துவிடும்.

இதோடு நிற்காதே. உன் பொருள் எப்படித் தோற்கும் என்று நீயே முதலில் கேள். அதிர்வில் திருகு கழன்றால்? இரு பக்கமும் லாக் நட் போடு. இடத்திருகுப் பக்கத்துக்கு இடத்திருகு நட்தான் வேண்டும், மறந்துவிடாதே. அளவுக்கு மீறி நீட்டித் திருகு நுனியில் தொங்கினால்? 8 மில்லிமீட்டர் திருகு குறைந்தது 8 மில்லிமீட்டராவது உள்ளே இருக்க வேண்டும், 12 இருந்தால் நிம்மதி. நடுத்துண்டில் அந்த ஆழத்தில் சிறு துளை போடு. துளையில் புரி தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் ஆபத்து என்று வாங்குபவர் தாமே பார்த்துக்கொள்வார். கம்பி இழுப்பதோடும் தள்ளுவதோடும் நிற்காமல் முறுக்கிக்கொண்டும் வேலை செய்தால்? அப்போது எந்தத் திசையில் முறுக்கினாலும் இந்தத் துண்டின் ஏதாவது ஒரு முனை தன்னைக் கழற்றிக்கொள்ளப் பார்க்கும். அந்த வகை வண்டிக்கு இது ஆகாது. பிளந்த கிளாம்பும் சாவியும் கொண்ட வேறு வடிவம் போட வேண்டும். காகிதத்திலேயே தன் பொருளை உடைத்துப் பார்த்தவனை நடுரோடு உடைக்காது.

வழி போட்டவர்கள் இருக்கிறார்கள்

"கியர் லிவரில் என்ன சாதனை?" என்று எவராவது உதட்டைப் பிதுக்கினால், ஜார்ஜ் ஹர்ஸ்ட் பெயரைச் சொல். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில், கார்க் கம்பெனிகள் கொடுத்த தளர்ந்த கியர் லிவருக்குப் பதிலாக உறுதியான ஒன்றைத் தனியாகச் செய்து விற்கத் தொடங்கினார். 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. காரில் தொழிற்சாலையே அவருடைய லிவரைப் பொருத்தி அனுப்பியது. வெளியே நின்று திருத்தியவனை உள்ளே கூப்பிட்டுக்கொண்டது கம்பெனி! விபத்தில் நொறுங்கிய காரைப் பிளந்து உயிர்களை மீட்கும் கருவிக்கும் அதே ஹர்ஸ்டின் பெயர்தான்.

"பெரிய கம்பெனி செய்ததில் குறை இருக்குமா?" என்று தயங்குகிறாயா? போர்ஷே 914 காரில் இஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால். கியர் கம்பி நீளமாகச் சுற்றிக்கொண்டு கியர்பாக்ஸின் வால்புறம் போய்ச் சேர்ந்தது. கியர் போடுவது குழம்பியது. 1973-ல் அந்த அமைப்பை அவர்களே மாற்றினார்கள். போர்ஷேயே தன் கம்பியைத் திருத்திக்கொள்கிறது, நீ உன் முதல் டிராயிங்கை அழித்துப் போட ஏன் வெட்கப்பட வேண்டும்?

நம் கோயம்புத்தூரைப் பார். எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் 796 சி.சி. இஞ்சினை எடுத்து, ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். குடும்பக் காருக்கான கியர் கம்பி அங்கே எப்படிப் பொருந்தும்? இஞ்சின் இடம் மாறினால் லிவர் முதல் மூட்டு வரை எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். யோசித்தார், செய்தார். வெளிநாட்டுப் பந்தயக் காரை விலை கொடுத்து வாங்க முடியாத இளைஞர்களுக்கு, ஃபார்முலா மாருதி என்ற அந்தக் கார் ஒரு வாசலைத் திறந்தது. அந்த வாசல் வழியாக நுழைந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சாக்குகளை ஒவ்வொன்றாய் உடை

"என்னிடம் பெரிய பட்டம் இல்லை." ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர் படித்தவனா நீ? வெர்னியர் பிடிக்கத் தெரியுமா? போதும். இந்தக் கம்பி உன் சான்றிதழைக் கேட்காது, உன் அளவைத்தான் கேட்கும்.

"என்னிடம் மெஷின் இல்லை." மந்தாரக்குப்பத்திலோ வடலூரிலோ பண்ருட்டியிலோ ஒரு லேத் பட்டறை வாசலில் டிராயிங்கோடு போய் நில். "அண்ணே, இந்த இ.என்.-8 அறுகோண ராடில் ஒரு பக்கம் லெஃப்ட் த்ரெட் போட்டுத் தர முடியுமா?" என்று கேள். தெளிவான டிராயிங்கோடு வரும் பிள்ளையை எந்த நல்ல டர்னரும் விரட்டமாட்டார். பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுப்பார்.

"அப்பா மாதிரி நிரந்தர வேலை கிடைத்தால் போதும்." அப்பாவின் உழைப்பை வணங்கு. ஆனால் 1962-ல் ஓடத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையமே 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது என்பதையும் நினைவில் வை. இரும்புக்கும் கொதிகலனுக்கும் ஓய்வு வயது உண்டு. அப்பாவின் குவார்ட்டர்ஸ் உனக்கு வராமல் போகலாம். அவர் கையில் இருந்த வேலைத்திறனை நீ கேட்டு வாங்கிக்கொண்டால் அதை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது. இன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார். எந்தச் சத்தம் கேட்டால் பேரிங் போகிறது என்று அர்த்தம், எந்த நட்டை எவ்வளவு இறுக்கலாம் என்று கேள். அவர் கண் விரியும்.

"தோற்றுப்போனால்?" முதல் துண்டு தோற்கட்டும். எங்கே வளைந்தது, எங்கே உரசியது என்று குறித்துக்கொள். இரண்டாவது துண்டை அந்தக் குறிப்பிலிருந்து செய். அடுத்தவர் வண்டியில் பொருத்துவதற்கு முன் தெரிந்த ஒருவர் வண்டியில், ஆளில்லாச் சாலையில், மெதுவாக ஓட்டிப் பார். உயிர்கள் ஏறும் வண்டி அது. பொறுப்பில்லாத துணிச்சலை நான் உனக்குச் சொல்லித் தரமாட்டேன்.

இந்த வாரமே புறப்படு! கார் கிடைக்காவிட்டால் மொபெட்டில் தொடங்கு. வீட்டுத் தையல் மெஷினில் தொடங்கு. ஆடுகிற, உரசுகிற, எல்லோரும், "அது அப்படித்தான்" என்று சகித்துக்கொண்டிருக்கிற ஒரு குறையைத் தேர்ந்தெடு. அள. வரை. உடையும் இடத்தை யோசி. லேத்தில் கொடுத்துச் செய். பொருத்திப் பார். திருத்து. ஜிங்க் பிளேட்டிங் போட்டு, எப்படிப் பொருத்துவது என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, நியாயமான விலை வை. இரும்பில் உன் பெயரைப் பொறி. அதற்குக் கீழே நெய்வேலி என்றும் பொறி. உலகத்தில் எந்த மூலையில் எவர் அந்த நட்டைத் திருப்பினாலும், இங்கே ஒருவன் அளந்து செய்திருக்கிறான், ஒருத்தி அளந்து செய்திருக்கிறாள் என்று அவர் கைக்குத் தெரியட்டும். எழுந்திரு, ஸ்கேலை எடு!