கோபத்தின் விலாசம்

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நம் விமான நிலையங்களில் நடந்ததை ஒரு நிர்வாகச் சீர்கேடு என்ற அளவில் பத்திரிகைகள் எழுதி ஓய்ந்துவிட்டன. டிசம்பர் 3 முதல் 5 வரையான மூன்று நாட்களில் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்களில் 2,507 ரத்தாயின, 1,852 தாமதமாயின, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிரயாணிகள் போக வழியில்லாமல் நின்றார்கள். இது அரசுத் தரப்பின் கணக்கு. எண்கள் பெரியவை என்பதால் மட்டும் ஒரு விஷயம் யோசிக்கத் தகுந்ததாகிவிடாது. எனக்கு அக்கறை வேறு இடத்தில். அந்த மூன்று லட்சம் பேரின் கோபம் எங்கே போயிற்று? யார்மேல் விழுந்தது? கடைசியில் யாருக்கு உபயோகப்பட்டது? தார்மிகக் கோபம் என்ற சொல்லை இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நாம் சற்றுத் தாராளமாகவே புழங்கவிட்டிருக்கிறோம். அதை உரசிப் பார்க்க இது ஒரு நல்ல சந்தர்ப்பம்.

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு விமானத்தைப் பற்றி எழுதுவது விநோதமாகப் படலாம். இங்கே விமான நிலையம் கிடையாது. ஆனால் அந்த டிசம்பர் 3 இந்த ஊருக்குக் கார்த்திகை தீபம். வருகிற ஜனங்களில் பெரும்பாலோர் பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்கள்தான். ஹைதராபாத்திலிருந்தோ மும்பையிலிருந்தோ மீனம்பாக்கத்தில் வந்து இறங்கி, கார் பிடித்து வருகிறவர்களும் உண்டு. அவர்களில் சிலராவது அன்று மாலை ஆறு மணிக்கு ஏதோ ஒரு விமான நிலையத்தின் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். மலைமேல் 2,668 அடி உயரத்தில் தீபம் தன் நேரத்துக்கு ஏற்றப்பட்டுவிட்டது. இந்த இடத்தில் யாத்ரீகனின் பொறுமையைப் புகழ்ந்து, பிரயாணியின் அவசரத்தைப் பழித்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம்; எழுத ஆட்களும் இருக்கிறார்கள். பௌர்ணமி விடியற்காலையில், கிரிவலம் முடித்து ஊர் திரும்பப் பஸ் கிடைக்காமல் நிற்கும் கூட்டத்தின் வாய்ச்சொற்களைக் கேட்டவன் அப்படி எழுத மாட்டான். காத்திருப்பு யாரையும் ஞானியாக்குவதில்லை.

இன்னொரு ஒப்பீடு இதைவிடப் பயனுள்ளது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2024 நவம்பர் 30ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலில் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். அன்றும் விமானங்கள் ரத்தாயின, ஜனங்கள் காத்திருந்தார்கள். நான் படித்த அளவில் அலுப்பு இருந்தது, ஆத்திரம் அதிகமில்லை. மழையை யார் திட்டுவார்கள்? மறுநாள் எங்கள் மலையின் சரிவில் மண் பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் மாண்டுபோனார்கள். அதையும் மழையின் கணக்கிலேயே எழுதிக்கொண்டோம். சரிவில் வீடுகள் எப்படி ஏறின, யார் ஏறவிட்டார்கள் என்ற கேள்வி கொஞ்ச நாள் பேசப்பட்டு அடங்கிற்று. ஆக, ஒரு துன்பம் வந்தவுடன், இது இயற்கையா மனிதனா என்று நாம் ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறோம். அநேகமாக அரை நிமிஷத்தில். கோபம் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு வருவது. அதைக் கட்டுக்கடங்காத உணர்ச்சி என்று சொல்வதெல்லாம் அவ்வளவு சரியில்லை. அதற்குள் ஒரு வழக்கு விசாரணை நடந்து முடிந்திருக்கிறது. விசாரணை ஒழுங்காக நடந்ததா என்பதுதான் சந்தேகம்.

அரிஸ்டாட்டில் ‘சொற்கலை’ பற்றிய தன் நூலில் கோபத்தையும் வெறுப்பையும் பிரிக்கிறார். வெறுப்பு ஒரு வகுப்பின் மேலேயே வரலாம். திருடர்களை வெறுக்கிறோம் என்பதுபோல. கோபம் அப்படியல்ல. அதற்கு ஒரு குறிப்பிட்ட ஆள் வேண்டும், பெயரும் முகமும் உள்ள ஆள். அவருடைய ஏதென்ஸில் இதில் சிக்கல் இருந்திருக்காது. அவமதித்தவன் சந்தையில் எதிர்ப்படுவான். நம்மை அவமதிப்பது ஸ்தாபனம். அதற்கு முகம் கிடையாது. ஆகவே அது ஒரு முகத்தைச் சம்பளத்துக்கு அமர்த்திக் கவுண்டரில் உட்காரவைக்கிறது. அந்த முகத்துக்கு விமானத்தைக் கிளப்பவும் அதிகாரமில்லை, எப்போது கிளம்பும் என்ற தகவலும் தரப்படுவதில்லை. திட்டு வாங்கிக்கொள்ள மட்டும் அதிகாரம் உண்டு. டிசம்பரில் வந்த காட்சிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்: சுற்றிலும் ஐம்பது பேர் கத்த, நடுவில் சீருடை போட்ட ஒரு பெண், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கலாம், கணிப்பொறித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்கிறாள். அந்தத் திரையில் அவள் பார்க்க எதுவும் இருந்திருக்காது.

திருக்குறளில் ‘வெகுளாமை’ அதிகாரம் இந்தப் பிரச்னையிலிருந்தே தொடங்குகிறது. கோபம் பலிக்கும் இடத்தில் அடக்குபவனே அடக்கியவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது அதன் கேள்வி. பலிக்கும் இடம் மெலியவர், பலிக்காத இடம் வலியவர் என்று உரைகாரர்கள் பொருள் பிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் இதைப் பொறுமைக்கு உபதேசமாகச் சொல்லிக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் உபதேசத்தைவிட ஒரு கூர்மையான அவதானம் தெரிகிறது. கோபத்துக்குத் தன் இடம் தெரியும்; அது மெலியவரைத் தேடிப் போகும். கவுண்டர் என்கிற ஏற்பாடு முழுக்க அந்த அறிவின்மேல் கட்டப்பட்டது.

இந்த ஏற்பாட்டை நான் உள்பக்கமிருந்து பார்க்கிறவன். வங்கியில் கவுண்டருக்கு உள்ளே உட்காருவது என் ஜீவனம். மாத ஆரம்பத்தில், முதியோர் பணம் வாங்க ஜனங்கள் வரிசையில் நிற்கும்போது, எங்கோ தொலைதூரத்தில் ஏதோ அறுந்துவிடும். ‘சர்வர் இல்லை’ என்போம். ஒருமுறை செங்கம் பக்கத்துக் கிழவி ஒருத்தி அரை மணி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்து கேட்டாள்: “அவரு எப்ப வருவாரு நைனா?” யாரு என்றேன். “அதாம்பா, சர்வரு.” தெரியாது பாட்டி என்றதும், “ஒரு ஆளு வரலைன்னா வேற ஆளப் போட்டு வேலையப் பாக்க மாட்டீங்களா?” என்றாள். உள்ளே சிரிப்பு எழுந்தது. ஹோட்டல் சர்வர் என்று நினைத்துவிட்டாள் என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். அவள் என்ன நினைத்தாளோ. எனக்கு அந்தக் கேள்வி இன்றைக்கும் சரியான கேள்வியாகவே படுகிறது. எங்கோ ஓர் ஆள் இருக்க வேண்டும், அவன் வரவில்லை, அவனுக்குப் பதில் இன்னொருவனை வைக்க வேண்டியவன் வைக்கவில்லை. காஃப்காவின் ‘கோட்டை’யைப் படித்துவிட்டு, எட்ட முடியாத அதிகாரத்தின் அபத்தம் என்று நம் நண்பர்கள் மெய்சிலிர்ப்பதுண்டு. காஃப்கா பிராகில் தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கோட்டைக்குள் கோப்புகள் எப்படி நகரும் என்பது அவருக்குத் தெரியும். அபத்தம் என்பது பல சமயங்களில் யாரோ ஒருவருக்குச் சௌகரியமாக இருக்கிற ஏற்பாடுதான். கிழவி அபத்தத்தை ஏற்க மறுத்தாள்.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு பாஷையும் உண்டு. ரயில் நிலையத்தில் காலகாலமாகக் கேட்டு நமக்குப் பழகியது: தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். ‘ஏற்பட்ட’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஏற்படுத்தியவன் அதில் இல்லை. மேகம் கூடுவதுபோல, படை வருவதுபோல, அசௌகரியம் தானே ஏற்படுகிறது. சொல்பவர் துக்கம் விசாரிக்க வந்தவர்போல வருந்துகிறார். டிசம்பர் 5ஆம் தேதி, அப்போது அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த பீட்டர் எல்பர்ஸ் படக்காட்சியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். ஒரு முகம் வந்தது என்பது முன்னேற்றந்தான். ஆனால் திரையில் வரும் முகத்தைப் பார்த்துப் பதில் கேட்க முடியாது.

ஹூப்ளியில் திருமண வரவேற்புக்கு ஏற்பாடாகி, மணமக்களின் விமானம் புவனேஸ்வரத்தில் ரத்தாகி, அவர்கள் அங்கிருந்தே அலங்காரம் செய்துகொண்டு திரை வழியாக விருந்தினருக்குக் கைகூப்பினார்கள். இதை வேடிக்கைச் செய்தியாகப் போட்டார்கள். பெட்டிகளின் கதை வேடிக்கையாகக்கூட இல்லை. ரத்தான விமானங்களில் ஏற்றுவதற்கென்று வாங்கிக்கொண்ட பெட்டிகள் நிலையங்களில் குவிந்து கிடந்தன. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தேடி உரியவர் வீட்டில் சேர்க்கவேண்டும் என்று அமைச்சகம் உத்தரவு போட வேண்டியிருந்தது. சர்வதேசப் பயணங்களுக்கான 1999ஆம் வருஷத்து மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, 21 நாளில் வந்து சேராத பெட்டிக்காக அதன் சொந்தக்காரன் உரிமை கோரலாம். காணாமற்போன மனிதனை இறந்தவனாகக் கொள்ள நம் சாட்சியச் சட்டம் ஏழு வருஷம் தருகிறது. கணவன் காணாமற்போய் அவன் கணக்கிலுள்ள பணத்தைக் கேட்டு வருகிறவளிடம் வங்கி முதலில் எண்ணுவது அந்த ஏழு வருஷத்தை. பெட்டிக்கு 21 நாள் போதும் என்பதில் தவறில்லை. துணிமணிக்கு விலை உண்டு. ஆனால் பெட்டியைத் தேடி நிற்பவன் விலையைப் பற்றியா பேசுகிறான்? நான் கட்டிக் கொடுத்ததை நீ வாங்கிக்கொண்டாய், எங்கே வைத்தாய் என்று கேட்கிறான். ஒப்படைத்தவன் கேட்கிற கேள்வி இது. இதற்கு நஷ்ட ஈடு பதிலாகாது. இங்கே கோபம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நியாயமான கோபத்துக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் விஷயத்தின் முக்கியமான பகுதி. அந்த வாரம் விமானங்கள் நின்றதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. முதன்மையானது விமானிகளின் தூக்கம். வாராந்தர ஓய்வு 36 மணி என்றிருந்ததை 48 மணியாக்கி, ஒருவர் செய்யக்கூடிய இரவு இறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்து, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் புதிய விதிகளை வெளியிட்டது. நிறுவனங்கள் தயங்கின; விஷயம் தில்லி உயர் நீதிமன்றம்வரை போயிற்று; கடைசியில் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக அமலாயிற்று. அநேகமாக இரண்டு வருஷ அவகாசம். உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்கிற நிறுவனம் அதற்குத் தேவையான ஆட்களை வைக்கவில்லை. செங்கத்துக் கிழவியின் கேள்வி இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

இந்த விதிகள் எதற்கு வந்தன? ஒரு பழைய விபத்தை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 2010 மே 22ஆம் தேதி துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். தலைமை விமானி வழியில் நெடுநேரம் உறங்கியிருந்தார். அவருடைய குறட்டை விமானி அறையின் ஒலிப்பதிவில் பதிவாகியிருந்தது. விசாரணை அறிக்கை இதைச் சொல்கிறது. எனக்கு இதைவிடத் தனிமையான ஒரு சத்தம் நினைவுக்கு வரவில்லை. அந்த மனிதரைத் திட்ட இன்று யாருக்கும் வாய் வராது.

அப்படியானால், நவம்பர் வரை நேரத்துக்குக் கிளம்பிய நம் விமானங்களில் கணிசமானவை வேறு ஒருவருடைய தூக்கத்தின்மேல் பறந்தவை. அந்தக் கடனைப் பற்றி நம்மிடம் யாரும் சொல்லவில்லை, டிக்கெட்டில் அச்சடிக்கவில்லை. டிசம்பரில் அது முதல்முறையாக வெளியே தெரிந்தது. நாம் கோபப்பட்டோம். டிசம்பர் 5ஆம் தேதி இயக்குநரகம் இறங்கிவந்தது. விடுப்பை வாராந்தர ஓய்வின் கணக்கில் கழிக்கக்கூடாது என்ற உத்தரவைத் திரும்பப் பெற்றது. இரவுப் பணி சம்பந்தமான விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்குத் தந்தது. விமானிகள் சங்கங்கள் ஆட்சேபித்தன. பிரயாணிகளின் அவதியைக் கருதித்தான் இது என்று சொல்லப்பட்டது. அதாவது கவுண்டரில் நின்று நாம் கத்திய கத்தல், நமக்குத் தெரியாமலே, ஒரு மனுவாக எழுதப்பட்டு மேலே போயிற்று. மனுவில் கேட்டிருந்தது விமானிகளின் தூக்கம். கோரிக்கை ஏற்கப்பட்டது. 2026 ஜனவரியில் நிறுவனத்துக்கு 22.20 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார்கள், உண்மை. அபராதம் பணம். அது கணக்கில் ஒரு வரி.

மூன்று லட்சம் பேர் தரையில் கிடக்கும்போது வேறு என்ன செய்வது என்று கேட்கலாம். அவர்களில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருந்தார்கள், சாவுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். கேள்வி நியாயமானது, அந்த இரவில் அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடும். நான் கேட்பது அந்த விலக்கைப் பற்றியல்ல. நம் கோபத்தைப் பற்றி. விலாசம் எழுதாமல் தபாலில் போட்ட கடிதம் தொலைந்து போகும் என்றுதான் நினைக்கிறோம். இது தொலையவில்லை. வேறு யாரோ அதில் ஒரு விலாசம் எழுதிக்கொண்டார்கள்.

தார்மிகக் கோபம் என்று நாம் எழுதுவதில் இந்த விலாசம் எழுதுகிற வேலை அநேகமாக இருப்பதில்லை. அது அலுப்பூட்டும் வேலை. விதிகளைப் படிக்கவேண்டும், தேதிகளைப் பார்க்கவேண்டும், யார் யாரை வைக்கவில்லை என்று கேட்டுக்கொண்டே போகவேண்டும். கவிதையின் சூடு அதில் கிடையாது. அந்த மூன்று நாட்களைப் பற்றி என் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எத்தனை மணிக்குக் கிளம்பும், பணம் எப்போது திரும்பும், பெட்டி எங்கே என்று கேட்டவர்கள் ஏராளம். ஓட்டுகிறவர் முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று எந்தக் கவுண்டரிலும் யாரும் கேட்டதாகப் படிக்கவில்லை.